ஒற்றை அறிகுறி போதாது: மனச்சிதைவு நோயை எப்படி உறுதி செய்கிறார்கள்

தனியாகப் பேசிக்கொள்கிறான். ராத்திரியில் தூங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன்னை வேவு பார்ப்பதாகச் சொல்கிறான். இந்த மூன்றை மட்டும் வைத்து ஒரு பையனுக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, வந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? முடியாது. சியாபு என்னும் போதைப்பொருளை இழுத்தவனும் இப்படித்தான் இருப்பான். குடியைத் திடீரென்று நிறுத்தியவர், கடுங்காய்ச்சலில் கிடப்பவர், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோயின் எழுச்சியில் இருப்பவர், தைராய்டு கோளாறு முற்றியவர் என்று பலரும் சில நாள் இப்படி இருக்கக்கூடும்.

மனச்சிதைவைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை கிடையாது. ஒருவருடைய மூளை ஸ்கேனைப் பார்த்தும் உறுதி செய்ய முடியாது. மருத்துவர் பார்ப்பது அறிகுறிகளின் கூட்டை: எவை இருக்கின்றன, எத்தனை, எவ்வளவு காலமாக, அவற்றால் வாழ்க்கையில் எது சரிந்தது, வேறு காரணம் ஏதும் உண்டா. இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் பதில் வீட்டாரிடம்தான் இருக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்பூட் மாதிரி, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர்களில் இருக்கும் குடும்பங்கள் அந்தப் பதில்களைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறோம்.

நோய் பெரும்பாலும் தொடங்குவது இளவயதில். ஆண்களுக்குப் பதின்ம வயதின் கடைசியிலிருந்து 25 வயதுவாக்கில். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி, 30-ஐ ஒட்டி. பெண்களில் சிலருக்கு 40-க்குப் பிறகும் வருவதுண்டு. அறுபது வயதில் முதல்முறையாக ஒருவர் குரல் கேட்கிறது என்றால் மருத்துவர் முதலில் உடம்பைத்தான் சந்தேகிப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. இது தோட்டத்து நோயும் இல்லை, இந்தியர் நோயும் இல்லை.

ஐந்து அறிகுறிகள்

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்னும் நோயறிதல் கையேடு ஐந்து அறிகுறிகளைச் சொல்கிறது: மருட்சி, மாயப்புலன், சிதறிய பேச்சு, ஒழுங்கிழந்த அல்லது உறைந்துபோன நடத்தை, கடைசியாக குறைவு அறிகுறிகள். முதல் நான்கும் ‘புதிதாகச் சேர்ந்தவை’. கடைசியில் உள்ளது ‘முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனவை’.

மருட்சி என்பது எந்தச் சான்றைக் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை. நம் ஊரில் இதைக் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. ‘யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்று ஒருவர் சொன்னால் அது மருட்சி ஆகிவிடாது. அவருடைய அம்மாவும் மாமாவும் அதையே நம்பலாம். பலர் சேர்ந்து நம்புவதை நோய் என்று எழுத முடியாது. மருத்துவர் பார்ப்பது அந்த நம்பிக்கை எப்படி முளைத்தது, எவ்வளவு தூரம் பரவியது என்பதை. ‘எங்கள் வீட்டில் தொடர்ந்து கஷ்டம், யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் போல’ என்பது ஒரு வகை. ‘சிவப்பு மோட்டார் மூன்று முறை ஹார்ன் அடித்தது, அப்போதே தெரிந்துவிட்டது, மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) என்னைக் கொல்ல உத்தரவு போட்டுவிட்டார்’ என்பது வேறு. இரண்டாவதில் ஒரு சாதாரண நிகழ்ச்சிக்குத் திடீரென்று தனிப்பட்ட அர்த்தம் பிறக்கிறது, சந்தேகத்துக்கே இடமில்லாத உறுதியோடு. முதலில் செய்வினையை நம்பிய அம்மாவே, ‘இல்லை டாக்டர், இவன் சொல்வது எங்களுக்கே புரியவில்லை’ என்று தயங்குவார். வீட்டாருக்கு வரும் அந்தத் தயக்கத்துக்கு மருத்துவர் நிறைய மதிப்புக் கொடுப்பார்.

மருட்சிகளில் துன்புறுத்தல் மருட்சிதான் அதிகம்: சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள், போன் வழியாகக் கேட்கிறார்கள், பின்னால் வருகிறார்கள். டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்பது இன்னொன்று. மனச்சிதைவுக்கு நெருக்கமானவை வேறு சில: என் எண்ணத்தை யாரோ தலையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், என்னுடையதல்லாத எண்ணத்தை உள்ளே வைக்கிறார்கள், நான் நினைப்பது எல்லாருக்கும் கேட்கிறது, என் கையை வேறொருவர் அசைக்கிறார். இவற்றை நோயாளி தானாகச் சொல்வது அரிது. வெட்கமோ பயமோ தடுக்கும். கேட்டால்தான் வரும்.

மாயப்புலன் என்றால் தூண்டுதல் எதுவும் வெளியே இல்லாமல் புலனுக்கு மட்டும் தெரிவது. மனச்சிதைவில் மிகுதியாக வருவது மாயக்குரல். இதைக் கேட்டறியும் விதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘சத்தம் ஏதாவது கேட்குதா?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘ஆமா, லோரி சத்தம் தாங்க முடியல’ என்று பதில் வரும். ‘மனசுக்குள்ள யாராவது பேசுற மாதிரி இருக்கா?’ என்றால் எல்லாருமே ஆமாம் என்பார்கள், மனசாட்சி எல்லாருக்கும் பேசும். நன்றாகக் கேட்கப்படும் விசாரணை இப்படிப் போகும்:

‘தம்பி, பக்கத்துல ஆள் இல்லாதப்ப யாராவது பேசுறது காதுல விழுதா? இப்ப நான் பேசுறது மாதிரியே தெளிவாவா?’

‘குரல் எங்கேருந்து வருது? தலைக்குள்ளயா, வெளியிலயா?’

‘ஒருத்தரா, ரெண்டு மூணு பேரா? உங்ககிட்ட பேசுறாங்களா, இல்ல உங்களப் பத்தி அவங்களுக்குள்ள பேசிக்கிறாங்களா?’

‘நீங்க செய்யுறத அப்படியே சொல்லிக்கிட்டே வருதா? இப்ப சட்டை போடுறான், இப்ப தண்ணி குடிக்கிறான்னு?’

‘இதச் செய், அதச் செய்னு சொல்லுதா? சொன்னதச் செஞ்சிருக்கீங்களா?’

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் அவசரமானது. கட்டளையிடும் குரல், அதிலும் தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். தூக்கம் பிடிக்கும் தறுவாயிலும் விழிக்கும் தறுவாயிலும் மட்டும் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் கேட்பது நலமாக இருப்பவர்களுக்கும் நடப்பது; அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கண்ணுக்கு மட்டும் உருவங்கள் தெரிந்து காதுக்கு எதுவும் கேட்கவில்லை என்றால், போதைப்பொருள், மது நிறுத்தம், காய்ச்சல், மூளைக் கோளாறு பக்கம் மருத்துவர் கவனம் திரும்பும்.

சிதறிய பேச்சு என்பதைப் பலர் ‘உளறல்’ என்று கடந்துவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ‘எத்தனை மணிக்கு வேலைக்குப் போனே?’ என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரலாம்: ‘மணி அடிச்சா கோவில். கோவில் பக்கம் லோரி நிக்குது, லோரி மஞ்சள். மஞ்சத் தண்ணி ஊத்துனது தங்கச்சிக்கு. அதான் நான் கையெழுத்து போடல.’ ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதன் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ இறங்குகிறது. கேள்விக்கு அது திரும்பி வருவதே இல்லை. இருமுனை நோயின் எழுச்சியிலும் பேச்சு தாவும். ஆனால் அங்கே வேகம் அதிகம், உற்சாகம் அதிகம், தாவலின் தொடர்பை நாமே பின்தொடர்ந்து பிடித்துவிடலாம்.

இந்த அறிகுறி நம் ஊர்களில் அடிக்கடி தவறிப்போகிறது. காரணம் மொழி. மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கிறார், நோயாளி தமிழில் பதில் சொல்கிறார், நடுவில் அக்காவோ அண்ணனோ மொழிபெயர்க்கிறார்கள். பாசத்தில் அவர்கள் அந்தப் பேச்சை நேராக்கிவிடுகிறார்கள். மேலே உள்ள பதில் டாக்டரின் காதுக்கு ‘நேரம் ஞாபகமில்லையாம், தங்கச்சி சடங்கு பத்திப் பேசுறான்’ என்று போய்ச் சேரும். ஒரு முக்கியமான அறிகுறி அந்த இடத்திலேயே காணாமல் போய்விட்டது. மொழிபெயர்ப்பவர் தயவுசெய்து ஒழுங்குபடுத்த வேண்டாம். ‘அவன் சொன்னது கோர்வையா இல்ல டாக்டர், சொன்னபடியே சொல்றேன்’ என்று சொல்லி, சொல்லுக்குச் சொல் கொடுங்கள். தமிழ் தெரிந்த நர்ஸோ மருத்துவ உதவியாளரோ இருந்தால் அவரை அழைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

ஒழுங்கிழந்த நடத்தைக்கு அளவுகோல், செய்வதற்கு ஒரு நோக்கம் தெரிகிறதா என்பது. கொளுத்தும் வெயிலில் மூன்று சட்டை, மேலே ஜாக்கெட், நடுச்சாலையில் உட்கார்ந்துவிடுவது, காரணமில்லாமல் ஆவேசம். இதன் இன்னொரு முனை உறைந்துபோதல். பேச்சே நின்றுவிடும். கையைத் தூக்கி வைத்தால் தூக்கியபடியே வெகுநேரம் நிற்கும். சாப்பாடு தண்ணீர் இறங்காது. இது மனச்சிதைவில் மட்டும் வருவது இல்லை. கடும் மனச்சோர்விலும் மூளை அழற்சியிலும் வரும். எதனால் வந்தாலும் அவசரம்தான். உடல் நீர் வற்றி உயிருக்கே ஆபத்தாகலாம், அதே நேரம் லோராசெபாம் போன்ற மருந்துக்கு வேகமாக இளகக்கூடியதும் இதுவே. ‘சாமி மௌன விரதத்தில் வைத்திருக்கிறது’ என்று நாள் கடத்த வேண்டாம்.

குறைவு அறிகுறிகளை நாங்கள் கடைசியில் வைத்தாலும், குடும்பத்தை அதிகம் வாட்டுவது இவைதான். முகத்தில் உணர்ச்சி மாறுவதில்லை. குரலில் ஏற்ற இறக்கம் போய்விட்டது. கேட்டால் ஒரு சொல்லில் பதில். குளிப்பதற்குக்கூடத் தொடங்க முடிவதில்லை. பந்தாட்டத்துக்குத் தினமும் திடலுக்குப் போனவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். ஊரில் இதற்கு ஒரே பெயர்: சோம்பேறி. சத்தம் போட்டு, சோற்றை நிறுத்தி, அடித்துப் பார்த்த பிறகும் மாறாது, ஏனென்றால் தொடங்கும் திறன்தான் அடிபட்டிருக்கிறது. இவற்றைக் கணக்கிடுமுன் மருத்துவர் இரண்டைச் சரிபார்ப்பார். ஒன்று மனச்சோர்வு: அதில் சோகம் உள்ளே நிறைந்திருக்கும், இதில் உள்ளேயும் வெறுமையே தெரியும். மற்றொன்று மருந்து: ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகள் உடலை விறைக்கவைத்து முகத்தை மரத்தாற்போல் ஆக்கிவிடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மருத்துவர் மருந்து அளவைக் குறைத்துப் பார்த்தால் எது எதுவென்று தெரியும்.

எத்தனை, எவ்வளவு நாள்

டிஎஸ்எம்-5 கணக்கு இது. ஐந்தில் இரண்டு இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்றாவது மருட்சி, மாயப்புலன், சிதறிய பேச்சு இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மாத காலத்தில் பெரும்பகுதி நேரம் இருக்க வேண்டும். சிகிச்சையால் அதற்குள் அடங்கிவிட்டால் அது குறையாக எடுத்துக்கொள்ளப்படாது. வேலை, படிப்பு, உறவு, தன்னைப் பேணுதல் இவற்றில் முன்பிருந்த நிலைக்குக் கீழே தெளிவாக இறங்கியிருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து நோயின் தடயங்கள் குறைந்தது 6 மாதம் தொடர்ந்திருக்க வேண்டும்.

இந்த 6 மாதத்தில் குரல் தினமும் கேட்டாக வேண்டும் என்றில்லை. குரல் வருமுன் இருக்கும் மந்தமான மாதங்களும், அடங்கிய பின் மிஞ்சும் குறைவு அறிகுறிகளும் கணக்கில் சேரும். ஜனவரியில் நண்பர்களை விட்டு ஒதுங்கினான், மார்ச்சில் வேலையை விட்டான், ஜூனில் குரல் கேட்கத் தொடங்கியது என்றால் கடிகாரம் ஜனவரியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ‘எப்போது தொடங்கியது?’ என்ற கேள்விக்கு ‘போன வாரம்தான் டாக்டர், திடீர்னு’ என்று சொல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் பிரச்சினை வெளியே தெரிந்த நாளைத்தான் சொல்கின்றன.

அதே அறிகுறிகள் ஒரு நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முழுதும் மறைந்து, பழைய நிலை திரும்பிவிட்டால் அது குறுகியகால மனப்பிறழ்வு. மனப்பிறழ்வு என்பது மருட்சியோ குரலோ வந்து நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை. ஒரு மாதம் தாண்டி 6 மாதம் எட்டாதது ஸ்கிசோஃப்ரினிஃபார்ம். மருத்துவமனை கார்டில் இந்தப் பெயரைப் பார்த்து, ‘ஒரு டாக்டர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்’ என்று குழம்ப வேண்டாம். காலம் போகப் போகத்தான் பெயர் உறுதியாகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 6 மாதம் என்பது பெயர் வைப்பதற்கான கெடு. சிகிச்சைக்கு அந்தக் கெடு கிடையாது. மனப்பிறழ்வு தெளிவாக இருந்தால் மருந்து முதல் வாரத்திலேயே தொடங்கலாம். சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது. ‘இன்னும் 6 மாதம் ஆகவில்லையே, பார்ப்போம்’ என்று வீட்டில் காத்திருந்தால் இழப்பு நோயாளிக்குத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அது 6 மாதம் கேட்பதில்லை. இரண்டு அறிகுறிகள் ஒரு மாதம் இருந்தால் போதும் என்கிறது. அந்த இரண்டில் ஒன்று மருட்சி, மாயப்புலன், சிந்தனைச் சிதறல், அல்லது ‘என்னை வேறொன்று இயக்குகிறது’ என்ற அனுபவமாக இருக்க வேண்டும். எந்தக் கையேட்டைப் பின்பற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் எழுதப்படுவது இதனாலும் நடக்கும்.

முன்பு ஓர் அறிகுறியே போதும் என்ற காலமும் இருந்தது. ஜெர்மானிய மனநல மருத்துவர் கர்ட் ஷ்னைடர் ‘முதல்தர அறிகுறிகள்’ என்று ஒரு பட்டியல் தந்தார்: தன்னைப் பற்றி விவாதிக்கும் குரல்கள், செயலை வர்ணிக்கும் குரல், எண்ணம் பறிபோதல், எண்ணம் திணிக்கப்படுதல், எண்ணம் ஒலிபரப்பாதல் போன்றவை. டிஎஸ்எம்-5-க்கு முந்திய பதிப்பில் இப்படிப்பட்ட குரல்களோ, நடக்கவே முடியாத விசித்திர மருட்சியோ ஒன்று மட்டும் இருந்தாலே முதல் நிபந்தனை நிறைவேறிவிடும். 2013-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். இருமுனை நோயிலும் இவை வருவதுதான் காரணம். 2015-ல் வெளியான காக்ரன் ஆய்வுத் தொகுப்பின்படி, முதல்தர அறிகுறிகளை மட்டும் நம்பினால் மனச்சிதைவு உள்ள பத்துப் பேரில் ஆறு பேரைத்தான் பிடிக்க முடியும். நோய் இல்லாத சிலரும் வலையில் சிக்குவார்கள். அவற்றைக் கேட்டறிவது இன்றும் அவசியம். அவற்றோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

வேறு என்னவாக இருக்கலாம்

நம் பக்கத்தில் முதலில் விலக்க வேண்டியது சியாபு. மெத்தாம்ஃபெட்டமின் தரும் மனப்பிறழ்வு, ஒரு நேரப் பரிசோதனையில் மனச்சிதைவைப் போலவே இருக்கும்: துன்புறுத்தல் மருட்சி, குரல், தூக்கமின்மை. சிறுநீர்ப் பரிசோதனை உதவும், ஆனால் கடைசியாக இழுத்து இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் எடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து எடுத்து ‘நெகட்டிவ்’ வந்தால் அது எதையும் நிரூபிக்காது. போதை நின்ற பிறகு அறிகுறிகள் ஒரு மாதத்துக்குள் வடிகின்றனவா, நீள்கின்றனவா என்பதே பெரிய தடயம். சமயத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். போதை நோயைக் கிளறிவிட்டிருக்கும். பையன் என்ன எடுத்தான் என்று தெரிந்திருந்தால் மறைக்காதீர்கள். கஞ்சா, கெத்தும் இலைத் தண்ணீர், இருமல் மருந்து எதுவானாலும் சொல்லுங்கள். மருத்துவர் கேட்பது நோயைப் பிரித்தறிய.

அடுத்தது சாராயம். சம்சு, பீர், கள் எதுவாயினும், தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, பூச்சி ஊர்வது போன்ற காட்சிகள், இடம் நாள் தெரியாத குழப்பம் வரலாம். இது உயிருக்கு ஆபத்தான நிலை. கோவிலில் கயிறு கட்டிக் குடியை நிறுத்திய மூன்றாம் நாள் ‘பேய் பிடித்தது’ என்று சொல்லப்படும் ஆளை நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிறகு உடம்பு. ஒருவருக்குத் தெளிவு நேரத்துக்கு நேரம் மாறுகிறது, இன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, காய்ச்சல் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் சன்னி; கிருமித்தொற்றோ சர்க்கரையோ உப்புக் குறைவோ காரணமாக இருக்கும். மனச்சிதைவில் சாதாரணமாக ஆள் விழிப்போடுதான் இருப்பார். நாளும் இடமும் தெரியும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர் குழப்பத்தோடு எச்சில் வழிந்து, வியர்த்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி வந்தால் அது விஷம் ஏறியது. மனநோயைப் பற்றிப் பேச அது நேரம் இல்லை. வலிப்பு, தைராய்டு, பி12 குறைவு, சிஃபிலிஸ், எச்ஐவி, லூபஸ், மூளையின் நோய் எதிர்ப்பு அழற்சி, ஸ்டீராய்டு மாத்திரை என்று பட்டியல் நீளும். முதல் தடவை இரத்தம், சிறுநீர் எடுப்பதும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பதும் இவற்றை விலக்கத்தான். ‘எல்லாம் நார்மல்’ என்று முடிவு வந்தால் ‘அப்போ நோயே இல்லை’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

கடைசியாக மனநிலை நோய்கள். இதற்கு மருத்துவர் காகிதத்தில் இரண்டு கோடு போடுவார். ஒன்றில் மருட்சியும் குரலும் இருந்த காலம். மற்றொன்றில் அளவுமீறிய உற்சாகமோ ஆழ்ந்த சோர்வோ இருந்த காலம். குரல் எப்போதும் உற்சாகத்தோடோ சோர்வோடோ மட்டும் வந்து, அது போகும்போது போய்விட்டால் அது இருமுனை நோய் அல்லது கடும் மனச்சோர்வு. மனநிலை சமமாக இருந்த காலத்திலும் குறைந்தது 2 வாரம் குரலோ மருட்சியோ இருந்து, நோய்க்காலத்தின் பெரும்பகுதியில் மனநிலைக் கோளாறும் சேர்ந்திருந்தால் ஸ்கிசோஅஃபெக்டிவ். மனநிலைக் கோளாறு இல்லாமலோ, மொத்தக் காலத்தில் சொற்பமாகவோ இருந்தால் மனச்சிதைவு. மருந்தே மாறிவிடும் என்பதால் இந்தக் கோடுகளுக்கு அவ்வளவு முக்கியத்துவம்.

சாமி வருவதும் குரல் கேட்பதும்

முனீஸ்வரர் கோவில் திருவிழாவில் ஒருவருக்கு அருள் வந்து ஆடுகிறார், குறி சொல்கிறார். உறுமி மேளம் நின்று விபூதி பூசியதும் இறங்கிவிடுகிறது. மறுநாள் காலை வேலைக்குப் போகிறார். இதில் நோய் எதுவும் இல்லை. நேரம், இடம், முறை எல்லாம் சமூகத்துக்குத் தெரிந்தவை, அவருக்கு அது துன்பம் தரவில்லை, வாழ்க்கை சரியவில்லை. இறந்த தாயின் குரல் சில வாரம் காதில் கேட்பதும் துக்கத்தில் இயல்பே. அதே ஆள் திருவிழா முடிந்து இரண்டு மாதம் ஆகியும், நடுராத்திரியில், யாரும் அழைக்காமல், ‘சாமி என்னை மட்டும் திட்டுகிறது, சாப்பிடாதே என்கிறது’ என்று மெலிந்துபோனால், பெரும்பாலும் முதலில் கோவில் ஆட்களே சொல்வார்கள்: இது சாமி இல்லை. அனுபவமுள்ள பூசாரிகளின் இந்தத் தீர்ப்பை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அது நல்ல தகவல். பூசையும் மருந்தும் ஒன்றோடொன்று சண்டை போட வேண்டியதில்லை. விபூதி பூசிக்கொண்டே ஊசிக்கும் வரலாம். மருந்தை நிறுத்தினால்தான் மந்திரம் பலிக்கும் என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

வீட்டார் எழுதி வைக்க வேண்டியது

மருத்துவருக்குக் கிடைப்பது அரைமணி, ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் நோயாளி அமைதியாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ‘இல்ல டாக்டர்’ என்று சொல்லிவிடலாம். தனக்கு நோய் இருப்பது தெரியாமலிருப்பதே இந்நோயின் ஒரு பகுதி. அதனால் ஒரு பள்ளி நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ‘பைத்தியம் மாதிரி நடந்தான்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பார்த்ததை, கேட்டதை அப்படியே எழுத வேண்டும். இந்த மாதிரி:

‘மார்ச் 3, ராத்திரி 2 மணி. சமையல் ரூம்ல நின்னு சிரிச்சான். யாருன்னு கேட்டேன். மூணு பேர் என்னப் பத்திப் பேசுறாங்கன்னான். காய்ச்சல் இல்ல. குடிக்கல.’

‘மார்ச் 9. மில்லுல வேலைக்குப் போய் 5 நாள் ஆச்சு. சுப்பர்வைசர் மெசின்ல என் நெனப்பப் பதிவு பண்றாருன்னு சொல்றான்.’

‘மார்ச் 15. குளிச்சு 8 நாள். சோத்துல மருந்து இருக்குன்னு முட்டைய மட்டும் அவனே அவிச்சுத் தின்னான்.’

இந்த மூன்று குறிப்பிலேயே தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள், இரண்டு மருட்சி, வேலைச் சரிவு, காய்ச்சலும் குடியும் இல்லை என்ற செய்தி, காலக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஒரு பொதுவான ‘சரியில்ல டாக்டர்’ இதில் பத்தில் ஒரு பங்கும் தராது. இதோடு, 12 வயதில் எப்படிப் படித்தான், நண்பர்கள் இருந்தார்களா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சித்தப்பாவைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் வைத்திருந்தார்கள் என்பது பல குடும்பங்களில் வாய் திறந்து பேசாத விஷயம். மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

எங்கே போவது

அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசு சுகாதார நிலையமே முதல் வாசல். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்குள்ள மருத்துவர் உடல் காரணங்களைப் பார்த்து, ஈப்போ போன்ற பெரிய ஊர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். அங்கே நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. 1911-ல் தொடங்கிய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, அதாவது ஊரார் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொல்லும் அதே இடம், சேர்த்துப் பூட்டி வைக்கும் இடம் என்றே பலர் நினைக்கிறார்கள். இன்று பெரும்பாலானோர் வெளிநோயாளராகவே மருந்து வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறார்கள். எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டை, அந்த நோட்டு, ஏற்கெனவே தின்ற எல்லா மாத்திரைகளும், நாட்டு மருந்தும் டிரெஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) கொடுத்ததும் உட்பட. கூடவே வீட்டில் அவனோடு தினமும் இருப்பவர் ஒருவர். பெரியவர் என்பதற்காக வேறு ஊரில் இருக்கும் மாமாவை அனுப்ப வேண்டாம். அவர் எதையும் பார்த்திருக்க மாட்டார்.

நோயாளி வர மறுத்தால், தூக்கம் வரவில்லை, உடம்பு மெலிகிறது என்று அவரே ஒப்புக்கொள்ளும் குறையைச் சொல்லி அழைத்தால் பலர் வருவார்கள். அவர் நம்பும் மருட்சியோடு வாதாடினால் உறவுதான் முறியும். ஆபத்து முற்றினால் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உறவினரின் விண்ணப்பத்தோடும் மருத்துவ அதிகாரியின் பரிந்துரையோடும் சம்மதமின்றியே சேர்க்க வழி தருகிறது. தன்னை மாய்த்துக்கொள்வேன் என்கிறார், கத்தியை எடுக்கிறார், ஒருநாளுக்கு மேல் தண்ணீர்கூட இறங்கவில்லை, குரல் சொன்னதைச் செய்யத் தொடங்கிவிட்டார் என்றால் 999-ஐ அழையுங்கள். அவசரமில்லாத வேளையில் பேசி ஆலோசனை கேட்க சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555 இருக்கிறது.

முதல் வருகையில் மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லாமல் ‘மனப்பிறழ்வு, கவனித்துப் பார்ப்போம்’ என்று மட்டும் எழுதினால் அது சரியான வேலைதான். அடுத்த தேதிக்குப் போகும்போது நோட்டை மறுபடி எடுத்துப் போங்கள். மருந்து தொடங்கிய பின் குரல் குறைந்ததா, எந்த நாளிலிருந்து, குளிக்கத் தொடங்கினானா, முகம் விறைக்கிறதா என்பதையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஆறாவது மாதம் கோப்பைத் திறந்து பெயரை உறுதி செய்யும்போது மருத்துவர் கேட்கப்போவது அதைத்தான்.